வந்தாச்சு என்றது திரை

நரசிம்மனுக்கு ஒன்றும் தெரியாது என்பதைத் தெய்வநாயகி வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரமே கண்டுகொண்டாள். தெரியாதது பெரிய குற்றமில்லை; உலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாதுதான். தெரியாததையே ஒரு பதக்கம் போல மார்பில் குத்திக்கொண்டு அவன் நடந்ததைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. "நான் டெக்னிகல் ஆள் இல்லை" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே டெக்னிகல் ஆட்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பான். அவளுடைய முழுப்பெயரைச் சொல்ல அவன் நாக்குக்குச் சோம்பல். முதல் நாளே 'டி.என்.' ஆக்கிவிட்டான், ஏதோ வண்டி நம்பர் மாதிரி.

அலுவலகம் செங்கல்பட்டில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு லாரி ஷெட்டின் மாடியில் இருந்தது. முதலாளி சம்பத் மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். நெல்லை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு வந்தவர். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் பெரிய கிணறு ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். அதிலிருந்து லாரிகளில் ஏற்றி, மாமல்லபுரம் தொடங்கிக் கோவளம்வரை கடற்கரைச் சாலையில் முளைத்திருக்கும் அடுக்குமாடிகளுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் அனுப்பிவந்தார். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே வீடு வாங்கிக் குடிவந்தவர்கள் சம்பத்தின் லாரிக்காகப் பால்கனியில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனில் நடந்த வியாபாரத்தை ஆப்புக்கு மாற்றினால் எங்கேயோ போய்விடலாம் என்று யாரோ அவர் காதில் ஓத, சென்னையிலிருந்து நரசிம்மனைப் பிடித்துவந்தார். ஆப்புக்கு 'வந்தாச்சு' என்று பெயர் கண்டுபிடித்தவன் நரசிம்மன். அதைத் தவிர வேறு எதையும் அவன் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

தெய்வநாயகி கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவள். அப்பா அங்கே அணுமின் நிலையத்தில் கருவிகளைச் சரிபார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மீட்டரின் முள் ஓர் இடத்தைக் காட்டினால் உள்ளேயும் அதுவே இருந்தாக வேண்டும் என்பது அந்த வீட்டில் யாரும் பேசாத, யாரும் மீறாத விஷயம். சிறுசேரியில் சில வருஷம் பெரிய கம்பெனியில் இருந்தாள். கணவனுக்குச் செங்கல்பட்டில் வேலை அமைந்ததால் பக்கத்திலேயே ஒன்று போதும் என்று இங்கே வந்தாள். வந்த பிறகு, பக்கத்தில் இருப்பதற்காக எதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறோம் என்று தினமும் ஒருமுறையாவது நினைத்தாள்.

அவளை எடுத்ததே ஒரு கோளாறைச் சரிசெய்யத்தான். ஆப்பில் ஒவ்வொரு லாரிக்கும் நாலு நிலை உண்டு: நிரம்புகிறது, கிளம்பியது, நெருங்குகிறது, வந்தாச்சு. டிரைவர் தன் போனில் பொத்தானை அழுத்தினால் வாடிக்கையாளரின் போனிலும் அது மாற வேண்டும். மாறவில்லை. லாரி கேட்டில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். திரையில் 'நிரம்புகிறது' என்றே கிடக்கும். ஆப்பில் வராத லாரிக்குக் கேட்டைத் திறக்க மாட்டேன் என்று ஒரு வாட்ச்மேன் மல்லுக்கு நின்ற கதையும் நடந்தது.

ஆப்பை எழுதியவர் கேசவன். நாற்பதைத் தாண்டியவர், முன்பு கீழே ஷெட்டில் டிரிப் பில் அடித்துக்கொண்டிருந்தவர். வீடியோ பார்த்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். கோளாறுக்கு அவர் கண்ட மருந்து, சில நொடிகளுக்கு ஒருமுறை பக்கம் முழுவதையும் புதிதாக ஏற்றுவது. அதனால் திரை விட்டு விட்டுக் கண் சிமிட்டியது. பாதி முகவரியை அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அடித்தது அத்தனையும் மறைந்துபோனது.

தெய்வநாயகி ஒரு காலை நேரத்திலேயே காரணத்தைக் கண்டுபிடித்தாள். திரைக்கு என்று தனியாகக் கண் கிடையாது. நிலை மாறிவிட்டது என்று தகவல் வந்தால்தான் அது திரும்பிப் பார்த்து, மாறிய இடத்தை மட்டும் புதிதாக வரைந்துகொள்ளும். கேசவன் பழைய டப்பாவுக்குள்ளேயே கையை விட்டுப் பொருளை மாற்றி, அதே டப்பாவைத் திரையிடம் நீட்டியிருந்தார். திரை மூடியைத் திறந்தெல்லாம் பார்க்காது. இது அதே டப்பாவா, வேறு டப்பாவா என்று மட்டும் பார்க்கும். அதேதான் என்றால் ஒன்றும் மாறவில்லை என்று சும்மா இருந்துவிடும். மாறியதைப் புது டப்பாவில் போட்டு நீட்டினால் தீர்ந்தது. இந்தத் தொழிலில் முதல் மாதமே கற்றுக்கொள்கிற பாடம் இது.

இதை அவள் விளக்கியபோது நரசிம்மன் தலையாட்டிக்கொண்டே போனில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, தானும் ஒரு தீர்வு வைத்திருப்பதாகச் சொன்னான். திரையைக் கீழே இழுத்தால் தொப்பி போட்ட நீர்த்துளி ஒன்று ஆடும். அது ஆடி முடித்ததும் பக்கம் புதிதாகும். அந்தத் துளியின் தொப்பிக்கே ஏழெட்டு மாதிரி வரைந்து வைத்திருந்தான். தெய்வநாயகி தன் இடத்துக்குப் போய், கேசவன் எழுதியதில் பாதியை அழித்துத் திருத்தி எழுதினாள். அந்த வாரக் கடைசியில் டிரைவர் பொத்தானை அழுத்திய கணமே வாடிக்கையாளரின் திரை மாறியது. கண் சிமிட்டல் நின்றது. சம்பத் அறைச் சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியில் எல்லா லாரிகளும் வரைபடத்தின் மேல் அவை நிற்கிற இடத்திலேயே தெரிந்தன. திங்கட்கிழமைக் கூட்டத்தில் நரசிம்மன் "நாம் அனுபவத்தையே மறுபடி கற்பனை செய்தோம்" என்று ஆரம்பித்தான். அவன் எதைக் கற்பனை செய்தான் என்று கேட்க அவளுக்கு அலுப்பாக இருந்தது.

தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. திரை இப்போது உண்மையைச் சொன்னது. லாரி காலையிலிருந்து 'நிரம்புகிறது' என்றால் காலையிலிருந்து நிரம்பிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். முன்பு ஆப் கெட்டுப்போயிருக்கும் என்று விட்டுவிட்டவர்கள், இப்போது லாரி நகரவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போன் செய்தார்கள். கோடை வேறு ஏறிக்கொண்டிருந்தது. சம்பத் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது? முன்ன இவ்ளோ போன் வராது. இப்போ ஒரே பேஜாரா கீது. வண்டி ஏன் நவுரலன்னு உசுர வாங்குறாங்க."

"வண்டி நகரல சார். அதனால நகரலன்னு காட்டுது."

நரசிம்மன் சிரித்தான். குழந்தைகளிடம் சிரிக்கிற சிரிப்பு அது. "அதான் பிராப்ளம், டி.என். கஸ்டமருக்கு வேண்டியது டேட்டா இல்ல. நம்பிக்கை. புக் பண்ணவுடனே வண்டி கொஞ்சம் கொஞ்சமா நகர்ற மாதிரி காட்டினா அவங்க பாட்டுக்கு நிம்மதியா இருப்பாங்க. எப்படியும் தண்ணி வரத்தானே போகுது."

நிலை மாறாமல் திரை மாறக் கூடாது என்று அவள் சொன்னாள். மாறினால் அது பொய் என்றும், அந்தப் பொய்யைத் தன் கையால் எழுத முடியாது என்றும் சொன்னாள். சம்பத் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விவாதம் எதுவாக இருந்தாலும் அதில் குறைவாகச் செலவாகிற பக்கத்தைத் தேர்ந்தெடுப்பவர் அவர்.

"கேசவா, நீ போட்ரு," என்றார்.

கேசவன் அன்று மாலைக்குள் போட்டுவிட்டார். அடுத்தவர் குப்பைத்தொட்டியை எட்டிப்பார்ப்பது போலத் தெய்வநாயகி அதைத் திறந்து படித்தாள். படித்ததும் ஒரு கணம் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். திரையில் மட்டும் பொய் சொல்ல வைப்பது கொஞ்சம் வேலை பிடிக்கும் காரியம். கேசவன் அவ்வளவு சிரமப்படவில்லை. கடிகாரம் ஓட ஓட லாரியின் நிலையையே, அதோடு வரைபடத்தில் அதன் இடத்தையும், மாற்றிக்கொண்டு போகும்படி எழுதியிருந்தார். லாரி கிணற்றடியில் கிடந்தாலும், குறித்த நேரம் கழிந்தால் அதன் நிலை 'கிளம்பியது' ஆகும். இன்னும் கொஞ்சம் கழிந்தால் 'வந்தாச்சு' ஆகும். அந்த ஒரே நிலையைத்தான் எல்லாத் திரைகளும் பார்த்தன. வாடிக்கையாளர் போன், டிரைவர் போன், முதலாளி அறை டிவி எல்லாம் அதே பொய்யை ஒரே குரலில் ஒப்பித்தன. திரைகள் பாவம், அவற்றின்மேல் குற்றமில்லை. சொன்னதைக் காட்டின.

உங்கள் டிவியும் பொய்தான் காட்டுகிறது என்று அப்போதே சம்பத்திடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தன் கிணற்றையும் தன் லாரியையும் விட்டுவிட்டு டிவியை நம்புகிற மனுஷனுக்கு என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள். கண்ணிருந்தால் தெரிந்துகொள்ளட்டும். இளக்காரத்தில் ஒரு சௌகரியம் உண்டு: எதையும் செய்யாமல் உட்கார்ந்த இடத்திலேயே உயர்ந்தவராக இருக்கலாம். அந்தச் சௌகரியத்தில் அவள் சில வாரங்கள் இருந்தாள்.

சம்பத்துக்கு அந்த வாரங்கள் பொற்காலம். நுங்கை உறிஞ்சிக்கொண்டே டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். வரைபடத்தில் அவருடைய லாரிகள் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி, மாமல்லபுரத்தில் திரும்பி, கடலோரமாக வடக்கே ஊர்ந்துபோகும். ஒன்றும் எங்கேயும் நிற்காது. ரயில்வே கேட்டைப் போல, டீக்கடையைப் போல லாரிகளை நிறுத்துகிற எதுவும் அந்த வரைபடத்தில் இல்லை. மனைவி அம்சாவைக் கூட்டிவந்து காட்டினார். சம்பந்தி வீட்டாரைக் கூட்டிவந்து காட்டினார். ஒருநாள் ஜன்னலுக்குக் கீழே ஷெட்டில் ஒரு லாரியின் பானெட்டைத் திறந்துவைத்து மெக்கானிக் தலையை உள்ளே விட்டிருந்தார். அதே லாரி டிவியில் நெம்மேலியைக் கடந்துகொண்டிருந்தது. சம்பத் ஜன்னலுக்கும் டிவிக்கும் நடுவில் நின்று, இந்த வண்டிதான் நம்மிடம் இருப்பதிலேயே நல்ல ஓட்டம் என்று சம்பந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நரசிம்மன் பக்கத்தில் நின்று ஆமோதித்தான். தெய்வநாயகி கோப்பையைக் கழுவுகிற சாக்கில் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

விஜயகுமாரி போன் செய்தது அதற்கு அடுத்த வாரம், ஒரு வேலைநாளின் முற்பகலில். நெம்மேலிக்கு அருகில் கடலைப் பார்த்த அடுக்குமாடி ஒன்றின் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர். தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். டெக்னிகல் சந்தேகம் என்றால் கூப்பிடுங்கள் என்று நரசிம்மன் எப்போதோ தெய்வநாயகியின் எண்ணை அவரிடம் கொடுத்து வைத்திருந்தான்.

நடந்தது இதுதான். அந்த அடுக்குமாடியில் லாரித் தண்ணீரைக் கீழ்த்தொட்டியில் இறக்கி, மோட்டாரால் மேலே ஏற்றுவார்கள். கீழ்த்தொட்டி வறண்டு கிடந்தது. விஜயகுமாரி மூன்றாவது மாடியில் முழங்கால் வலியோடு போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரையில் பச்சை நிறத்தில் 'வந்தாச்சு' வந்தது. பின்கேட் வழியாகத்தான் லாரி வரும். அது அவர் வீட்டிலிருந்து தெரியாது. வாட்ச்மேனுக்கு இன்டர்காமில் சொல்லி மோட்டாரைப் போடச் சொன்னார். வாட்ச்மேன் முன்கேட்டில் இருந்தபடியே சுவிட்சைத் தட்டினார். தண்ணீரே இல்லாத தொட்டியில் மோட்டார் வெறுமனே ஓடி, சூடேறிக் கருகிப்போனது. மாலையில் லாரி நிஜமாகவே வந்து தண்ணீர் இறக்கியபோது மேலே ஏற்ற வழியில்லை. இரண்டு நாளாகக் கிழவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் கீழ்த்தொட்டியில் மொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

விஜயகுமாரி குரலை உயர்த்தவில்லை. "ஆப்பைச் செஞ்சது நீங்கதானே?" என்று கேட்டார். தெய்வநாயகி தயங்கி, அந்தப் பகுதியைத் தான் எழுதவில்லை என்றாள்.

"நீங்க எழுதலன்னா, அப்படி எழுதியிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"லாரி வரலன்னு உங்களைத் திட்ட நான் கூப்பிடலம்மா. வெயில் காலம், லேட்டாகும், எனக்குத் தெரியாதா? வரலன்னு காட்டியிருந்தா மோட்டாரைப் போட்டிருக்க மாட்டேன். வராததை வந்தாச்சுன்னு சொல்லிட்டு, தெரிஞ்சே சும்மா இருந்திருக்கீங்க. படிச்சவங்க மாதிரி பேசுறீங்க. அதான் கேட்டேன்."

அவர் போனை வைத்துவிட்டார். தெய்வநாயகி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குரலை அவள் அறிவாள். இத்தனை மாதமாக நரசிம்மனைப் பற்றி மனசுக்குள் பேசும்போது அவள் எடுத்துக்கொண்ட குரல் அது. அது வெளியிலிருந்து தன்மேல் வந்து விழும்போது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

எழுந்து கேசவனின் மேசைக்குப் போய், கடிகாரத்தை எடுக்கப்போகிறேன் என்றாள். "சாரு கேட்டா?" என்றார் கேசவன். நான் எடுத்ததாகச் சொல்லுங்கள் என்றாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு நாஸ்தா பொட்டலத்தைப் பிரித்தார். நிலையை மறுபடி டிரைவர் கையில் மட்டும் மாறும்படி வைத்து, அவள் அப்போதே வெளியிட்டாள்.

அடுத்த அறையில் டிவியில் கடலோரமாக ஊர்ந்துகொண்டிருந்த லாரிகள் ஒரே நொடியில் மறைந்தன. மறைந்தவை எல்லாம் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரே புள்ளியில் குவிந்து நின்றன, ஈ மொய்த்த மாதிரி. சம்பத் டிவியை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு மூத்த டிரைவர் தீனதயாளனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"எங்க கீற?"

"கெணத்தாண்ட தான் கீறேன் அண்ணாத்த. எல்லா வண்டியும் இங்கதான் நின்னுகினு கீது."

"இன்னாத்துக்கு?"

"தண்ணி ஊற மாட்டுது. ரொம்பக் கீழ பூட்ச்சி. ஒரு வண்டி ரொம்பறதுக்குள்ள பாதிப் பொழுது ஆவுது. ரெண்டு மூணு வாரமா இப்டிதான். போன்ல பொத்தான அமுக்கலாம்னா அது முன்னயே வந்தாச்சு, வந்தாச்சுன்னு காட்டுது. கேசவன் அண்ணாத்த கண்டுக்காதன்னுச்சி."

சம்பத் சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுத்தார். மாலையில் திரும்பியபோது செருப்பெல்லாம் செம்மண். அவர் கிணறு வற்றிக்கொண்டிருந்ததை ஆப்பும் டிவியும் சேர்ந்து அவரிடமிருந்தே மறைத்திருந்தன. வேறு இரண்டு கிணறுகளுக்கு வழியிலேயே பேசி முடித்துவிட்டு வந்திருந்தார். மனுஷனுக்கு வியாபாரம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. உண்மை கையில் கிடைத்த அரைநாளில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். இனி இதைப் பற்றி வாதாட வேண்டியிருக்காது என்று தெய்வநாயகி நினைத்தாள். அந்த அடுக்குமாடியில் மோட்டார் கருகியதையும் சொன்னாள். ஒரு மெக்கானிக்கை அனுப்பச் சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"நீ பண்ணதுதான் கரீட்டு. என் டிவில நெஜம்தான் ஓடணும். எனக்குத் தெரியாம ஒண்ணும் ஆவக்கூடாது. கஸ்டமருங்களுக்கு மட்டும் பழையபடி வுட்ரு."

நரசிம்மன் உடனே குறிப்பெடுத்தான். "டூயல் வியூ," என்றான். சொல்லைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி முகத்தில் தெரிந்தது.

தெய்வநாயகிக்குக் கோபம்கூட வரவில்லை. சாக்கடையை மிதித்தால் காலை உதறுவோமே, அது போல ஓர் உதறல்தான் உள்ளே வந்தது. பொய் சுட்டதும் துள்ளி எழுந்தவர், சுடுகிற பக்கத்தை அடுத்தவர் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொல்கிறார்.

"உங்களுக்குத் தெரிஞ்சது அவங்களுக்கும் தெரியணும் சார். இல்லன்னா நான் இங்க வேலை பார்க்கல," என்றாள்.

"யோசிச்சுப் பேசும்மா."

யோசித்துவிட்டதாகச் சொன்னாள். அன்றே ராஜினாமாவை எழுதிக் கொடுத்தாள். கிளம்பும்போது நரசிம்மன் கை குலுக்க வந்தான். அவள் இரண்டு கையிலும் பையைப் பிடித்துக்கொண்டாள்.

இதெல்லாம் நடந்து மழைக்காலம் வந்துவிட்டது. அவள் மறுபடி சிறுசேரியில் சேர்ந்திருந்தாள். இப்போது தினமும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஒரு காலையில் கேளம்பாக்கம் நெரிசலில் பஸ் நின்றபோது போனில் நரசிம்மனின் படம் வந்தது. சென்னையில் ஏதோ மாநாட்டு மேடையில் மைக்கோடு நின்றிருந்தான். 'வந்தாச்சு' ஆப்பில் லாரி நிற்கிற நிலையை ஒளிக்காமல் அப்படியே காட்டுவதாகவும், அந்த நேர்மையே தன் வடிவமைப்புக் கொள்கை என்றும் பேசியதாகப் போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு அவளால் நம்ப முடியவில்லை. கேசவனைக் கூப்பிட்டாள். கஸ்டமர்களுக்குப் பழைய கடிகாரத்தைப் போடவில்லையா என்று கேட்டாள்.

"எங்கம்மா போட்றது? நீ மாத்தினதுல எது எங்க கீதுன்னே எனக்குப் புரில. அவருக்கு ஒண்ணு, இவங்களுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா பிரிக்கணுமாம். எனக்கு எங்க வருது அது."

"அப்போ சார்கிட்ட என்ன சொன்னீங்க?"

"தெரிலன்னா வேலை பூடும். நாளைக்குப் போட்டுட்றேன்னு சொல்லிகினு கீறேன். அவரும் மறந்துட்டாரு. கம்ப்ளைண்ட்டும் கொறஞ்சிபோச்சி. வண்டி வராதுன்னு தெரிஞ்சா ஜனங்க அதுக்கேத்த மாதிரி இருந்துக்கறாங்கோ. அந்த மூணாவது மாடி அம்மா கூட இப்போ திட்றதில்ல." பிறகு, எப்படிப் பிரிப்பது என்று சொல்லித்தர முடியுமா, ஒருவேளை சார் கேட்டுவிட்டால் கையில் இருக்கட்டும் என்று கேட்டார்.

அவளுடைய ராஜினாமாவால் ஆகாதது இந்த ஆளின் தெரியாத்தனத்தால் ஆகியிருந்தது. இதற்கு யாரை இளப்பமாக நினைப்பது என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. பஸ் கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது.

"நாளைக்குன்னே சொல்லிக்கிட்டு இருங்க," என்றாள்.

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டுக் கேசவன் போனை வைத்தார்.